படிக்கிறார்கள், ஆனால் பின்னூட்டம் போடுவதில்லை: என்ன செய்யலாம்?

புழையோரம்:
வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வலைப்பூ நடத்துகிறேன். ஆழியாற்றுத் தண்ணீர், தென்னந்தோப்பு, கள்ளு, தக்காளி விலை, நம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகள், இவைதான் எழுதுவது. பார்வை எண்ணிக்கை மோசமில்லை. பின்னூட்டப் பெட்டிதான் காலி.

தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் பற்றி விரிவாக ஒரு பதிவு போட்டேன். கையெழுத்தானது 1970-ல், ஆனால் 1958 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டது, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும் என்பது, எல்லாம் அதில் இருந்தது. அதன் சுட்டியை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட, ராத்திரி முழுக்க அங்கே சண்டை. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வந்தது என்று அருமையான தகவலெல்லாம் அந்தச் சண்டையில் வந்தது. பதிவின் அடியில் ஒரு வரி இல்லை. குழுவில் ஓடுவது மறுநாளே புதைந்துவிடும், அடுத்த கோடையில் தேடுகிறவனுக்குக் கிடைக்காது. அதனால்தான் கேட்கிறேன், பேச்சைப் பதிவுக்குக் கீழே கொண்டுவர என்ன வழி?

பழைய பதிவர்:
தம்பி, வழி ஒன்றுதான். நீங்கள் போய் நாலு பேர் பதிவில் எழுதுங்கள், அவர்கள் உங்கள் பதிவுக்கு வருவார்கள். 2004-ல், பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்ததிலிருந்து நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். புதிதாகப் பின்னூட்டம் விழுந்த பதிவுகள் அதன் முகப்பில் தெரிந்தன, அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். காலிப் பெட்டியில் முதல் ஆளாக எழுத யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஏற்கனவே இருவர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாமவர் தானாக வாய் திறப்பார்.

வேலந்தாவளம்:
அண்ணா, அது மொய். நீ வைத்தாய், நான் வைத்தேன், கணக்கு சரி. அந்தக் காலப் பின்னூட்டங்களைத் திறந்து பாருங்கள். 'மீ த ஃபர்ஸ்ட்டு', 'உள்ளேன் ஐயா', சிரிப்புக் குறி, பிறகு நூறு வரிக்குக் கும்மி. பதிவைப் படித்தார்களா என்பதே சந்தேகம். பதிவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள், பதிவு எழுதாத வாசகன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பதிவர்கள் ஃபேஸ்புக்குக்குக் குடி போனதும் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் காலியானது அதனால்தான்.

இவருக்கு வேண்டியது கடைமடை விவசாயி. அவருக்கு ஏது பதிவு, இவர் போய் மொய் வைக்க?

பழைய பதிவர்:
கும்மியை அவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம். 'உள்ளேன் ஐயா' போட்டுப் பழகியவர்தான் பிறகு பக்கம் பக்கமாக மறுப்பு எழுதினார். அறிமுகம் இல்லாத வீட்டில் யாரும் முதல் நாளே சாப்பாட்டுக் குறை சொல்ல மாட்டார்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு உண்மை இருக்கிறது. இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதிய கட்டுரை இன்றும் சுற்றுகிறது. இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்றார். வலைப்பூக்களில் இன்னும் மோசம், தொடர்ந்து எழுதுகிறவர் ஆயிரத்துக்கு ஒருவர் என்று கணக்கு கொடுத்தார். ஆகவே முதலில் வாசகரைப் பெருக்க வேண்டும். அதற்குத்தான் நாலு இடத்துக்குப் போய் வரச் சொல்கிறேன்.

வேலந்தாவளம்:
நீல்சன் சொன்னது பொதுவான போக்கு. இவர் வாசகர்கள் வாய் பேசாதவர்கள் இல்லையே, ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று பார்க்காமல் புது ஆட்களைக் கூட்டி என்ன பயன்?

மறையூர் சர்க்கரை:
நான் இந்த வலைப்பூவைப் படிக்கிறவன். ஒரு தடவை பின்னூட்டம் போட முயன்றேன், முடியவில்லை. காரணம் சொல்கிறேன், உங்களைப் போல் கூகுளின் பிளாக்கர் தளத்தில் வலைப்பூ நடத்தும் மற்றவர்களுக்கும் உதவும்.

உங்கள் பெட்டி பதிவுக்குக் கீழேயே பதிந்திருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் மூன்றாம் தளத்துக் குக்கிகளை, அதாவது நம்மை அடையாளம் காண வேறொரு தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை, தடுக்கும் உலாவிகளில், முக்கியமாக ஐபோன் சஃபாரியில், உள்நுழைந்த பிறகும் அந்தப் பெட்டிக்கு நம்மை அடையாளம் தெரியாது. எழுதி முடித்து அனுப்பினால் மறுபடி உள்நுழையச் சொல்லும், எழுதியதும் போய்விடும். அமைப்பில் போய்ப் பெட்டி தனிப் பக்கத்தில் திறக்கும்படியோ சிறு சாளரத்தில் திறக்கும்படியோ மாற்றுங்கள். இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது கேப்ட்சா, எழுதுவது மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர். அதை எடுத்துவிடுங்கள். குப்பைப் பின்னூட்டத்தைப் பிளாக்கரே ஓரளவு வடிகட்டுகிறது. மூன்றாவது, எல்லாப் பின்னூட்டத்துக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். பழைய பதிவுகளுக்கு மட்டும் ஒப்புதல், புதியவற்றுக்கு நேரடி வெளியீடு என்று வைக்க வசதி இருக்கிறது. எழுதியது உடனே கண்ணில் தெரிந்தால்தான் பதிலுக்குப் பதில் என்று பேச்சு நடக்கும். கூகுள் கணக்கு இல்லாதவருக்கும் திறந்து விடுங்கள்.

மீனாட்சிபுரத்துக்காரி:
மற்றதெல்லாம் சரி, கடைசி இரண்டும் கூடவே கூடாது. ஒரு உள்ளூர்ப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெயரில்லாத ஆள் ஒருவன் வந்து என் குடும்பத்தை இழுத்தான். அது ஒரு வாரம் அப்படியே கிடந்தது, நடத்துகிறவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நான் எங்கேயும் எழுதவில்லை. பின்னூட்டம் வரவில்லை என்று கணக்குப் பார்க்கிறவர்கள், இப்படி எழுதாமல் போனவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்தப் பெயர் போடு என்றாலும் நான் எழுத மாட்டேன். இது சின்ன ஊர், யார் வீட்டுப் பெண் என்று மறுநாளே தெரிந்துவிடும். எனக்குப் புனைபெயரும் வேண்டும், காவலும் வேண்டும். ஒப்புதல் வையுங்கள், ஆனால் காலையிலும் சாயங்காலமும் பார்த்து உடனுக்குடன் விடுங்கள்.

மறையூர் சர்க்கரை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிளாக்கரில் ஒரு சிக்கல். எல்லாருக்கும் திறந்தால் புனைபெயரிலும் எழுதலாம், பெயரே இல்லாமலும் எழுதலாம். பெயரில்லாததை மட்டும் மூட முடியாது. வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூ மென்பொருளில் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம் என்று வைக்கலாம். ஒருவருடைய முதல் பின்னூட்டத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்டு, அதன் பிறகு அவரை நேரடியாக விடவும் முடியும். அக்கா கேட்பதற்கு அதுதான் பொருத்தம்.

பழைய பதிவர்:
பெயரில்லாமல் திறந்துவிட்டு நாளைக்குப் போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது? தண்ணீர் விஷயம், இரண்டு மாநில விஷயம்.

வேலந்தாவளம்:
இந்தப் பயம் பழையது, அண்ணா. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் பிறர் மனம் புண்படும்படி எழுதினாலே வழக்குப் போட இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது. அதே மாதிரியான கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி)-யும் அதே தீர்ப்பில் போனது. 2020 நவம்பரில் கேரளத்தில், இழிவாக எழுதினால் சிறை என்று சொல்லும் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே கைவிட்டார்கள். அவதூறு இன்னும் குற்றம்தான், அதற்குத்தான் அக்கா கேட்கும் ஒப்புதல். ஏமாற்றியவன் என்று ஆள் பெயரைப் போட்டு எழுதினால் விடாதீர்கள், மதகு திறக்கவில்லை என்று எழுதினால் விடுங்கள்.

குப்பத்துக்காரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். நான் ஆந்திரா, குப்பம். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் மெதுவாகப் படிப்பேன், எழுத வராது. இதை போனில் வாயால் சொல்லி, மகள் திருத்திக் கொடுத்தாள்.

இந்த விவாதத்தைப் பார்த்து அந்த வலைப்பூவுக்குப் போனேன். பெட்டிக்கு மேலே 'தமிழ் எழுத்தில் மட்டும் எழுதவும், மற்றவை நீக்கப்படும்' என்று இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

வேலந்தாவளம்:
இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! கேப்ட்சா, குக்கி எல்லாம் அப்புறம். உங்கள் வாசலிலேயே பூட்டு தொங்குகிறது.

புழையோரம், நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் மலையாள மீடியத்தில் படித்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் தமிழ், தோட்டத்தில் தமிழ், எழுதுவதென்றால் மலையாளம். போனில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். உங்கள் ஒப்பந்தப் பதிவுக்கு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டது யார்? அவர்கள்தான், அந்த எழுத்தில்தான். அங்கே யாரும் எழுத்தைப் பார்த்து நீக்கவில்லை, அதனால் பேசினார்கள்.

புழையோரம்:
அந்த வரியை யோசிக்காமல் போடவில்லை. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது நாம் இந்தப் பக்கம் நின்றோம். அப்போதிருந்து தமிழ் எழுத்து ஒவ்வொரு இடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. பேருந்துப் பலகையில் இல்லை, ரேஷன் கடை அறிவிப்பில் இல்லை. பேச்சு மட்டும் பாக்கி. எழுத்து இருக்கட்டும் என்றுதான் இந்த ஒரு பக்கத்தை நடத்துகிறேன், இங்கேயும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா?

நடைமுறைக் காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒருவர் 'மூலத்தறை' என்பதை ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். தேடினால் எதுவும் கிடைக்காது. தண்ணீர்க் கணக்கு நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் பழைய தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். ஆங்கில எழுத்தில் இருந்தால் அவர்களால் படிக்கவே முடியாது.

மீனாட்சிபுரத்துக்காரி:
அதுவும் உண்மை. என் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஆங்கில எழுத்துத் தமிழைக் காட்டினால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வேலந்தாவளம்:
அப்பா படிக்க வேண்டும், பிள்ளை எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறவர் வலைப்பூக்காரர்தானே? வருகிற எழுத்தில் வரட்டும். நீங்கள் பதில் போடும்போது அவர் சொன்னதைத் தமிழ் எழுத்தில் முதலில் தட்டி, அதன் கீழே உங்கள் பதிலைக் கொடுங்கள். பெரியவர் படிக்கலாம், தேடினாலும் கிடைக்கும். பிள்ளைக்கும் தன் பேச்சு தமிழ் எழுத்தில் எப்படி இருக்கிறது என்று தெரியும். 'நீக்கப்படும்' என்பதைவிட எழுத்தை வளர்க்க இது நல்ல வழி.

பழைய பதிவர்:
அடுத்தவர் பின்னூட்டத்தில் கை வைக்கக் கூடாது. நான் அப்படிச் சொல்லவில்லை, நீ மாற்றிவிட்டாய் என்று நாளைக்கு வம்பு வரும்.

வேலந்தாவளம்:
யார் கை வைக்கச் சொன்னது? மூலம் அப்படியே மேலே இருக்கும்.

மறையூர் சர்க்கரை:
எழுத வராதவர்களுக்கு இன்னொரு வழி, குப்பத்துக்காரர் செய்ததுதான். கூகுள் 2017 முதலே தமிழில் குரல்வழித் தட்டச்சு தருகிறது. விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும். வாய்க்கால் பெயர்களில் தடுமாறும், மற்றபடி பரவாயில்லை. அந்த மிரட்டல் வரியை எடுத்துவிட்டு, இதை எப்படிச் செய்வது என்று அந்த இடத்தில் எழுதுங்கள்.

யாராவது ஃபேஸ்புக் பெட்டியைக் கொண்டுவந்து ஒட்டச் சொன்னால் கேட்காதீர்கள். 2013-ல், கூகுளின் சமூக வலைத்தளமாக இருந்த கூகுள் பிளஸின் பெட்டியைப் பிளாக்கரில் பொருத்திக்கொண்டவர்கள் பட்டது போதும். 2019-ல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அதன் வழியாக வந்த பின்னூட்டம் அத்தனையும் போய்விட்டது.

வேலந்தாவளம்:
பதிவு முடிகிற இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பதிவையும் 'உங்கள் கருத்து என்ன?' என்று முடிக்கிறீர்கள். அதற்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது. 'இந்த முறை உங்கள் வாய்க்காலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் வந்தது?' என்று கேளுங்கள். விடை அவரிடம் மட்டும் இருக்கும், உங்களிடம் இருக்காது. தெரியாமல் கேட்கிறவனுக்குத்தான் ஊர் பதில் சொல்லும். வாட்ஸ்அப்பில் வந்த நல்ல தகவலை, சொன்னவரிடம் கேட்டு, அவர் விரும்பும் பெயரில் அடுத்த பதிவில் சேருங்கள். தன் பேச்சு பதிவில் வந்ததைப் பார்த்தவர் அடுத்த முறை நேராக அங்கேயே வருவார்.

புழையோரம்:
சரி. பெட்டியைத் தனிப் பக்கத்துக்கு மாற்றுகிறேன், கேப்ட்சா போகட்டும், கணக்கு இல்லாதவரும் எழுதலாம். ஒப்புதல் இருக்கும், அக்கா சொன்னபடி காலையும் மாலையும் பார்க்கிறேன். வாய்க்கால் கேள்வியை இந்த வாரமே போடுகிறேன்.

'நீக்கப்படும்' என்பதை எடுக்கிறேன். 'தமிழ் எழுத்தில் எழுதவும்' என்பது இருக்கும், குரல்வழி எழுதும் முறையை அதன் கீழே சேர்க்கிறேன். மலையாள எழுத்தில் வந்தாலும் ஆங்கில எழுத்தில் வந்தாலும் பதிலில் தமிழில் தட்டித் தருகிறேன். ஆனால் நான் எழுதும் பதில் தமிழ் எழுத்தில்தான், அதில் பேச்சே இல்லை.

வேலந்தாவளம்:
'எழுதவும்' என்பதே இன்னும் கட்டளையாகத்தான் இருக்கிறது. 'எழுதினால் மகிழ்ச்சி' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

புழையோரம்:
அது என் வலைப்பூ, அந்த ஒரு வார்த்தை இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய பதிவர்:
எல்லாம் செய்யுங்கள். கூடவே நாலு பதிவுக்குப் போய் எழுதியும் வாருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. என் பதிவில் தொடங்கலாம்.

குப்பத்துக்காரன்:
பாலாற்றுத் தடுப்பணை பற்றி எங்கள் பக்கத்திலும் இதே மாதிரி சண்டை உண்டு. அதைப் பற்றி உங்கள் ஒப்பந்தப் பதிவில் ஒரு கேள்வி போட்டிருக்கிறேன், தெலுங்கு எழுத்தில் தமிழ். படிக்க ஆள் இருக்கிறதா?

புழையோரம்:
தெலுங்கு எழுத்து எனக்குத் தெரியாதுங்க. மகளிடம் கொடுத்து ஒரு தரம் வாசித்துக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், நான் தட்டிப் போடுகிறேன்.