பழைய நிக்கான் டி700 கேமரா பாடி (லென்ஸ் இல்லாம) வாங்கணும்: நேர்ல போய் எதையெல்லாம் சோதிக்கணும்?

அரைநிழல் கேட்டது:

வணக்கம். கையில இருக்கிறது 50 மிமீ எஃப்/1.8டி, 80-200 எஃப்/2.8டி ரெண்டு லென்ஸ். ரெண்டுக்கும் ஆட்டோ ஃபோகஸ் ஆக, பாடியில இருந்து லென்ஸைச் சுத்துற ஸ்க்ரூ டிரைவ் மோட்டார் வேணும். நிக்கானோட மிரர்லெஸ் இசட் சீரிஸ் பாடியில, பழைய லென்ஸ் மாட்ட உதவுற எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் இந்த லென்ஸுக்கு ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. அதனால பழைய ஃபுல் ஃபிரேம் பக்கம் பார்க்கிறேன்.

சென்னையில ஒரு கல்யாண போட்டோகிராபர் டி700 குடுக்கிறார். பாடி, பேட்டரி 2, சார்ஜர் சேர்த்து 24,000 சொல்றார். ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை கிளிக் அடிச்சிருக்குங்கிற எண்) "கம்மிதான்"னு போன்ல சொன்னார், எண் சொல்லல. ஞாயிற்றுக்கிழமை நேர்ல பார்க்கலாம், அரை மணி நேரம் தர்றேன்னார். அந்த அரை மணியில எதை முதல்ல பார்க்கணும்? வேலை பெரும்பாலும் போர்ட்ரெய்ட், வீட்டு விசேஷம். வீடியோ வேண்டாம்.

இருட்டறை பதில்:

ஷட்டர் கவுண்டை எல்லாரும் முதல்ல கேட்பாங்க. எண்ணா கிடைக்கிறது அது ஒண்ணுதான், அதனாலதான். டி700 ஷட்டர் 1,50,000 கிளிக் வரைக்கும் சோதிக்கப்பட்டதுன்னு நிக்கான் சொல்லுது. அது உத்தரவாதமும் இல்லை, அதைத் தாண்டினா செத்துடும்னும் இல்லை. 2008-ல வந்த பாடி இது. இத்தனை வருஷத்துல அதைக் கொல்றது விழுந்த அடி, வியர்வை, ஈரம், வளைஞ்ச ஊசி. அதையெல்லாம் முதல்ல பாருங்க.

உங்க 50-ஐயும் சொந்தமா ஒரு சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டையும் கொண்டு போங்க. அவர் கார்டுல எடுத்தா படம் உங்க கையில இருக்காது, வீட்டுக்கு வந்து பெரிசாக்கிப் பார்க்கவும் முடியாது.

கார்டைப் போடறதுக்கு முன்னாடி மொபைல் டார்ச்சை கார்டு ஸ்லாட்டுக்குள்ள அடிங்க. ரெண்டு வரிசையா மொத்தம் 50 ஊசி. ஒண்ணு சாஞ்சிருந்தாலும் அங்கேயே கிளம்பிடலாம். கார்டைக் கோணலா அழுத்தினதால வர்றது இது. இடுக்கியால நிமிர்த்தினாலும் அடுத்த தடவை அதே ஊசிதான் ஒடியும். ஊசி சரியா இருந்தா கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் பண்ணி, ரா ஃபைல்ல பஃபர் (கார்டுல எழுதற வரைக்கும் படம் தங்குற தற்காலிக நினைவகம்) நிறையிற வரைக்கும் தொடர்ந்து அடிங்க. பச்சை விளக்கு அணையிற வரைக்கும் காத்திருந்து எல்லா படமும் திறக்குதான்னு பாருங்க.

அடுத்தது மௌன்ட், அதாவது லென்ஸ் மாட்டற வளையம். அதைச் சுத்தி இருக்கிற ஸ்க்ரூ தலையில கீறல் இருந்தா யாரோ திறந்திருக்காங்க. திறந்தது தப்பில்லை, ஆனா எதுக்குன்னு கேளுங்க, பில் கேளுங்க. மேல ஃபிளாஷ் மாட்டற ஹாட் ஷூ தண்டவாளம் நேரா இருக்கா, ட்ரைபாட் ஓட்டையைச் சுத்தி அடித்தட்டு அமுங்கியிருக்கா, வ்யூஃபைண்டருக்கு மேல கூம்பா இருக்கிற பென்டா பிரிசம் முனையில பெயின்ட் மட்டும் போயிருக்கா, உலோகமே நசுங்கியிருக்கான்னு தடவிப் பாருங்க. பெயின்ட் போனதுக்கு விலை குறைச்சுக் கேட்கலாம். உலோகம் நசுங்கின பாடியை வாங்காதீங்க. கீழே விழுந்த பாடியில ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி அனுப்புற துணைக் கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அது வெளிய தெரியாது.

அதைத் தெரிஞ்சுக்க வழி இருக்கு. செட்டப் மெனுவுல ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸ் முன்னாடி பின்னாடி விழறதைத் திருத்துற அமைப்பு) திறந்து பாருங்க. எல்லா லென்ஸுக்கும் ஒரே திசையில, +15 +18 மாதிரி பெரிய எண் சேமிச்சு வெச்சிருந்தா கோளாறு லென்ஸ்ல இல்லை, பாடியிலதான். அதை ஆஃப் பண்ணிட்டு உங்க 50-ஐ எஃப்/2-ல வெச்சு, சாய்வா வெச்ச நாளிதழோட ஒரு வரியில நடு ஃபோகஸ் புள்ளியால ஃபோகஸ் பண்ணுங்க. அப்புறம் இடது ஓரம், வலது ஓரம். மூணுமே ஒரே மாதிரி முன்னாடியோ பின்னாடியோ விழுந்தா ஃபைன் ட்யூன்ல சமாளிக்கலாம். ஒரு பக்கம் முன்னாடி, மறு பக்கம் பின்னாடின்னா முடியாது.

ஒண்ணு சொல்லிடறேன். உங்க டி லென்ஸ்ல அபெர்ச்சர் ரிங்கை கடைசி எண்ணுல, எஃப்/22-ல வெச்சுப் பூட்டணும். இல்லைன்னா மேல் திரையில எஃப்இஇ-ன்னு மின்னும், கேமரா அடிக்காது. அதைக் கோளாறுன்னு நினைச்சு பேரம் பேசிடாதீங்க.

எஃப்_பதினாறு பதில்:

இருட்டறை சார் சொன்னதோட ஷட்டர், அபெர்ச்சர் சோதனையைச் சேர்க்கிறேன். கவுண்டைப் பார்க்கிறதைவிட இது பத்து மடங்கு உபயோகம். வெளிய நிழல்ல இருக்கிற ஒரு வெள்ளைச் சுவரைத் தேர்ந்தெடுங்க. வீட்டுக்குள்ள டியூப் லைட், எல்இடி வெளிச்சத்துல பண்ணாதீங்க. அந்த விளக்குங்க துடிக்கிறதால நல்ல ஷட்டர்லயே பட்டை பட்டையா விழும், வீணா பயப்படுவீங்க.

மேனுவல் மோட், ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப், ஆக்டிவ் டி-லைட்டிங் ஆஃப், ஒயிட் பேலன்ஸ் ஒரே இடத்துல. எஃப்/4, 1/250, ஐஎஸ்ஓ 200-ல ஒரு படம். அப்புறம் எஃப்/4-லயே 1/8000, ஐஎஸ்ஓ 6400. அஞ்சு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு அல்லது பாதி) இங்க குறைச்சு அங்க ஏத்தியிருக்கோம், அதனால ரெண்டும் ஒரே வெளிச்சத்துல வரணும். ரெண்டாவதுல நாய்ஸ் இருக்கும், அது பரவாயில்லை. படத்தோட மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் மட்டும் கருத்துப்போனா ஷட்டரோட ரெண்டு திரையும் ஒரே வேகத்துல ஓடலை. 1/8000-ல தொடர்ந்து பத்துப் படம் அடிங்க. பத்துல ஒண்ணு மட்டும் கருப்பா வந்தாலும் ஷட்டர் கடைசிக் காலத்துல இருக்கு, கவுண்ட் 40,000-ன்னு காட்டினாலும் சரி.

அப்புறம் பாப்-அப் ஃபிளாஷைத் திறந்து 1/250-ல சுவரை அடிங்க. ஓரத்துல கருப்புப் பட்டை வரக் கூடாது. இந்தச் சோதனையில ஃபிளாஷ் வேலை செய்யுதான்னும் தெரிஞ்சுடும்.

இப்போ அபெர்ச்சர். ஐஎஸ்ஓ 200-லயே எஃப்/2-க்கு 1/1000, எஃப்/4-க்கு 1/250, எஃப்/8-க்கு 1/60, எஃப்/16-க்கு 1/15. நாலு படத்தோட நடுப்பகுதியும் ஒரே மாதிரி இருக்கணும். எஃப் எண் ஏற ஏற படம் வெளுத்துக்கிட்டே போனா, இதழ்கள் நேரத்துக்கு மூடலைன்னு அர்த்தம். மௌன்ட்டுக்கு உள்ள இருக்கிற அபெர்ச்சர் நெம்புகோல் வளைஞ்சிருக்கலாம், இல்லைன்னா லென்ஸ் இதழ்ல எண்ணெய் இருக்கலாம். 50 எஃப்/1.8டி-யில எண்ணெய் கசியறது சகஜம். பழியை பாடி மேல போடறதுக்கு முன்னாடி 80-200-ஐயும் மாட்டிப் பாருங்க. அதைக் கையோட கொண்டு போறதுல இன்னொரு லாபம்: கனமான லென்ஸை கிட்டத்துல இருந்து தூரத்துக்கு ஓட்டும்போது ஸ்க்ரூ மோட்டார் திணறுதான்னு கேட்கும். சத்தம் இருக்கத்தான் செய்யும். வழுக்குற மாதிரி கரகரன்னு சுத்தி லென்ஸ் நகராம நின்னா அதுதான் கோளாறு.

சென்சாருக்கு எஃப்/22, வெறும் வானம், மேனுவல் ஃபோகஸ்ல வேணும்னே ஃபோகஸை விலக்கி ஒரு படம். உருண்டைப் புள்ளி எல்லாம் தூசு, துடைச்சாப் போயிடும். கோடா, வலை மாதிரி கிளை விட்டிருந்தா வாங்க வேண்டாம். கடலோர ஊர்ல டிரை கேபினட் இல்லாம பையிலேயே கிடந்த பாடிக்கு ஃபங்கஸ் வரும். வ்யூஃபைண்டருக்குள்ளயும் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு தடவை பாருங்க.

பழசுபுதுசு பதில்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. காசு வாங்கிக்கிட்டு விசேஷம் எடுக்கிறதா இருந்தா டி700 வேண்டாம். ஒரே ஒரு கார்டு ஸ்லாட். தாலி கட்டுற நேரத்துல கார்டு படுத்தா திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. டி3-ல ரெண்டு சிஎஃப் ஸ்லாட், அதே 12.1 மெகாபிக்சல், 3,00,000 கிளிக்குக்கு சோதிச்ச ஷட்டர், 100 சதவீத வ்யூஃபைண்டர். டி700-ல 95 சதவீதம்தான்.

ஆனா டி3 வாங்கறவங்க சார்ஜரை மறந்துடுவாங்க. அதுக்கு இஎன்-இஎல்4ஏ பேட்டரி, தனி சார்ஜர். "சார்ஜர் இல்லை, பாடி மட்டும்"னு விலை குறைச்சுத் தந்தா அந்தக் குறைச்சல் சார்ஜருக்கே போயிடும். டி3-ல சென்சாரை அதிர வெச்சு தூசு தட்டற வசதியும் இல்லை, டி3எஸ்-லதான் வந்தது. எடை 1,240 கிராம், பாப்-அப் ஃபிளாஷ் கிடையாது.

சிஎஃப்-ஏ வேண்டாம்னா டி750 பாருங்க. 24 மெகாபிக்சல், ரெண்டு எஸ்டி கார்டு ஸ்லாட், ஸ்க்ரூ மோட்டாரும் உண்டு. ஒண்ணே ஒண்ணு, 2015-ல தொடங்கி அதோட ஷட்டர் பத்தி நிக்கான் சேவை அறிவிப்பு கொடுத்து, பிறகு கூடுதல் சீரியல்களுக்கும் நீட்டிச்சது. உங்களுக்கு வர்ற பாடி அந்த வரிசையில இருந்ததா, மாத்தினாங்களான்னு பாருங்க. டி600-ஐ மட்டும் தவிருங்க. சென்சார்ல எண்ணெய்ப் புள்ளி தெறிக்கிற வியாதி, மாத்து மருந்தாத்தான் டி610 வந்தது.

இருட்டறை பதில்:

பழசுபுதுசு சொல்ற ஒரு ஸ்லாட் விஷயம் சரி. ஆனா கேட்டவர் வீட்டு விசேஷம்தான் சொல்றார், ஆர்டர் இல்லை. படத்தோட அளவு பத்தியும் பயம் வேண்டாம். 4256 × 2832 பிக்சல்னா 12 × 18 அங்குல பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 236 புள்ளி வருது, தாராளம். 12 × 36 ஆல்பத்துல ஒரே படத்தை ரெண்டு பக்கத்துக்கும் விரிச்சா 118-க்கு இறங்கிடும், அப்போதான் 24 மெகாபிக்சலோட அருமை தெரியும்.

அரைநிழல்:

ரொம்ப நன்றி. ஆர்டர் எடுக்கிறதில்லை, டி700-ஏ போதும். அவர்கிட்ட கேமராவுல இருந்து நேரா வந்த ஒரு ஜேபெக் கேட்டேன், அனுப்பிட்டார். படத்துக்குள்ள இருக்கிற தகவலைப் படிக்கிற எக்ஸிஃப்டூல்ல போட்டா ஷட்டர் கவுண்ட் 1,42,316. மேல் திரையில "கிளாக்"னு மின்னிட்டே இருக்காம், அதுக்கு ஒண்ணும் இல்லைங்கிறார். பின்பக்கக் கட்டைவிரல் ரப்பர் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. இதெல்லாம் விட்டுடற அளவுக்கா?

எஃப்_பதினாறு பதில்:

ஷட்டர் சோதனையில தேறினா அந்த எண்ணுக்காக விட வேண்டாம். விலைக்காகப் பயன்படுத்துங்க. "கம்மிதான்"னு சொன்னவரோட பாடி 1.42 லட்சம்னா, பேரத்தை நீங்கதான் ஆரம்பிக்கணும்.

அதே ஃபைல்ல சீரியல் நம்பரும் இருக்கும். பாடிக்கு அடியில அச்சடிச்ச எண்ணோட ஒத்துப் பாருங்க. ஒத்துப் போகலைன்னா மெயின் போர்டோ அடித்தட்டோ மாறியிருக்கு, அப்புறம் 1,42,316-ங்கிறதையும் நம்ப முடியாது. ஷட்டர் மாத்தும்போது சர்வீஸ்ல எண்ணை பூஜ்யமாக்கறதும் உண்டு. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா இந்தத் தகவல் எல்லாம் அழிஞ்சிடும், உங்களுக்கு டாக்குமென்டா அனுப்பியிருக்கார் போல. ஆனா அது அதே பாடியில எடுத்த படம்தானான்னு நேர்ல அடிச்ச படத்தை வெச்சுதான் சொல்ல முடியும்.

கிளாக் மின்னறதுக்கு அனேகமா உள்ள இருக்கிற சின்ன பேட்டரி இறங்கியிருக்கு. மெயின் பேட்டரி மாட்டியிருந்தா அதுல இருந்தே ஏறிக்கும். முழுசா ஏற ரெண்டு நாள் ஆகும், ஏறினா சுமார் மூணு மாசம் தாங்கும். அதாவது இந்தப் பாடி ரொம்ப நாளா பேட்டரி இல்லாம சும்மா கிடந்திருக்கு. எங்க கிடந்ததுன்னு கேளுங்க. இப்போ சார்ஜ் ஏத்தின பேட்டரியைப் போட்டு, தேதி நேரம் வெச்சு, ஞாயிறு வரைக்கும் அப்படியே விடச் சொல்லுங்க. நீங்க போகும்போது பேட்டரியைக் கழட்டி பத்து நிமிஷம் கழிச்சு மாட்டிப் பாருங்க. தேதி நின்னா கவலை இல்லை. மறுபடி மின்னினா உள் பேட்டரி போச்சு. அதோடயும் படம் எடுக்கலாம், பேட்டரி மாத்தற ஒவ்வொரு தடவையும் தேதி வைக்கணும், அவ்வளவுதான். ஆனா "கிளாக்" வேற, "எர்"னு மின்னறது வேற. அது கேமராவோட உள் கோளாறு, ஷட்டர் பக்கமா இருக்கலாம். அடுத்த கிளிக்ல மறைஞ்சாலும் திரும்ப வரலாம்.

சிலிக்காஜெல் பதில்:

ரப்பர் தூக்கிக்கிறது டி700-க்கு வழக்கமான நோய். கையோட எண்ணெயும் வியர்வையும் ஊறி ரப்பர் உப்பிடும். உப்பினதைத் திரும்ப ஒட்டினா நிக்காது, அளவே பெரிசாயிருக்கும். கிரிப், கட்டைவிரல், பக்கவாட்டு ரப்பர் செட்டா ஆன்லைன்ல கிடைக்குது. பழசை உரிச்சு, பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, மெல்லிய டபுள் டேப்ல ஒட்டுங்க. ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். ஆவி வெள்ளையாப் படியும், அடியில இருக்கிற ஸ்க்ரூவை அப்புறம் யாரும் திறக்க முடியாது.

பேட்டரியையும் விட்டுடாதீங்க. செட்டப் மெனுவுல பேட்டரி இன்ஃபோ திறந்தா சார்ஜிங் லைஃப் 0-ல இருந்து 4 வரைக்கும் காட்டும். 0 புதுசு, 4 மாத்த வேண்டியது. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. 3, 4 காட்டினா பேட்டரிக்கு விலை கிடையாதுன்னு சொல்லிடுங்க.

வாங்கின பிறகு பாடிக்கு அடியில மாட்டற எம்பி-டி10 பேட்டரி கிரிப் தேடுவீங்க. அதுல டி700-ஓட சாதாரண பேட்டரி இஎன்-இஎல்3இ போட்டா வேகம் நொடிக்கு 5 படத்தைத் தாண்டாது. 8 வேணும்னா இஎன்-இஎல்4ஏ-வும் பிஎல்-3 மூடியும் வேணும், இல்லைன்னா எட்டு ஏஏ செல். எஸ்டி கார்டை சிஎஃப் அடாப்டர்ல போடலாம்னு யாராவது சொன்னா தடிமனைப் பாருங்க. பல அடாப்டர் 5 மிமீ டைப் 2, டி700-க்கு 3.3 மிமீ டைப் 1 தான் உள்ள போகும். அழுத்தித் திணிச்சா இருட்டறை சொன்ன அந்த 50 ஊசிதான் கணக்குல வரும். நிக்கானோட புது ஏஎஃப்-பி வகை லென்ஸும் இதுல ஃபோகஸ் ஆகாது, ஆஃபர்ல பார்த்து வாங்கிடாதீங்க.

இருட்டறை பதில்:

ஞாயிறு நேரம் பத்தாதுன்னா இந்த வரிசையில போங்க: ஊசி, சீரியல், 1/8000 பத்துப் படம், ஸ்க்ரூ மோட்டார், ஓரப் புள்ளி ஃபோகஸ். அதுல ஒண்ணு தவறினாலும் வாங்க வேண்டாம், உற்பத்தி நின்னு பல வருஷம் ஆன பாடிக்குப் புது ஷட்டரோ போர்டோ தேடி அலையணும். உடைஞ்ச இன்னொரு டி700-ல இருந்து கழட்டினதுதான் பெரும்பாலும் மாட்டுவாங்க. மீதி ரப்பர், பேட்டரி, கிளாக் எல்லாம் விலையில கழிக்கிற சமாசாரம். பில்லும் பெட்டியும் இருந்தா வாங்கி வெச்சுக்கங்க, இல்லைன்னா விற்கிறவர் அடையாள அட்டை நகலோட சீரியல் எழுதி ஒரு கையெழுத்துச் சீட்டு.