அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மன்றம்: சனிக்கிழமை காலை நிகழ்ச்சிகள் எங்கே சறுக்குகின்றன?

மூன்றாவது டவுன்:

அன்றைய ஆட்டங்களுக்கு முன்னோட்டம் தரும் டிவி நிகழ்ச்சிகளான ஈஎஸ்பிஎன்னின் காலேஜ் கேம்டே, ஃபாக்ஸின் பிக் நூன் கிக்காஃப் இரண்டையும் வாரம் தவறாமல் பார்ப்பவர்கள், கவனித்ததை இங்கே எழுதுங்கள். "முன்ன மாதிரி இல்லைங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போக வேண்டாம். எந்தப் பகுதி, எவ்வளவு நேரம், எங்கே சொதப்புகிறது, எதனால் என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கேம்டே 1987-இல் ஸ்டுடியோவுக்குள் தொடங்கியது. 1993 நவம்பர் 13 அன்று முதலிடத்து ஃப்ளோரிடா ஸ்டேட் இரண்டாமிடத்து நோட்டர் டேமுடன் மோதியபோது, முதன்முறையாக மேசையைத் தூக்கிக்கொண்டு நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டுக்கே போனார்கள். 1996 அக்டோபர் 5 அன்று கொலம்பஸில் மேசையில் இருந்த லீ கோர்சோ, அந்த ஊர் அணியான ஓஹியோ ஸ்டேட்டின் அடையாளப் பொம்மை ப்ரூட்டஸின் முகமூடியைத் தலையில் மாட்டி, யார் ஜெயிப்பார்கள் என்ற தன் கணிப்பைச் சொன்னார். அதுவே நிகழ்ச்சியின் முத்திரையாகிவிட்டது. ஃபாக்ஸ் 2019-இல்தான் களமிறங்கியது.

என் முதல் புகார் நீளம். கேம்டே கிழக்கு நேரப்படி காலை 9 முதல் 12 வரை ஓடுகிறது. மூன்று மணி நேரம் இருக்கிறதே, நிறைய ஆட்டங்களைத் தொடுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் புதிதாகச் சேனலைத் திருப்பியவர்களுக்காக அன்றைய பெரிய ஆட்டத்தை முதலிலிருந்து பேசுகிறார்கள். முழுதாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரே விஷயம் மூன்று தடவை. ஒரு சோதனை சொல்கிறேன்: காகிதத்தில் கோடு போட்டு, அன்றைய முக்கிய ஆட்டத்தைத் தவிர வேறு எந்த அணியைப் பற்றியாவது தொடர்ந்து இரண்டு நிமிடம் பேசினால் மட்டும் அதன் பெயரை எழுதுங்கள். முதல்நிலைப் பிரிவில் 2025-இல் 136 அணிகள் இருந்தன. உங்கள் பட்டியல் எத்தனை வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

கொலம்பஸ்காரன்:

நீளத்தைவிடப் பெரிய இழப்பு, ஆட்டத்தைப் பிரித்துக் காட்டும் பகுதி. ஆர்பிஓ எனப்படும் ரன்-பாஸ் ஆப்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் நடுவரிசைத் தற்காப்பு வீரரான ஒரு லைன்பேக்கரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். அவர் ஓட்டத்தை நோக்கி ஓரடி வைத்தால், அவர் விட்ட இடத்துக்குத் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். அவர் நகராமல் நின்றால் பந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் கைக்குப் போகும். கல்லூரி விதிப்படி முன்வரிசைத் தடுப்பாளர்கள், பந்து எறியப்படும்முன் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி மூன்று கஜம் வரை போகலாம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒரு கஜம்தான். அந்த இரண்டு கஜச் சலுகையில்தான் லைன்பேக்கர் ஏமாறுகிறார்: தடுப்பாளர் முன்னேறுவதைப் பார்த்து ஓட்டம் என்று நம்பிவிடுகிறார்.

இதை விளக்க மூன்று நிமிடமும் நான்கு துண்டுக் காட்சிகளும் போதும். ஆனால் அந்தத் துண்டுகள் 22 பேரையும் ஒரே சட்டகத்தில் காட்டும் உயரக் கோணத்தில் இருக்க வேண்டும். நேரலையில் வரும் பக்கவாட்டுக் கோணம் பந்தைத் துரத்துவதால் பின்னால் நிற்கும் கடைசித் தற்காப்பு வீரர்களான சேஃப்டிகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். முதல் துண்டில் அணிவகுப்பு, பந்து கிளம்பும் நொடியில் நிறுத்தம், குவார்ட்டர்பேக் யாரைக் கவனித்து முடிவெடுக்கிறார் என்று ஒரு வட்டம். இரண்டாவதில் அதே அணிவகுப்பு, வேறு முடிவு. மூன்றாவதில் எதிரணி அதற்குக் கண்டுபிடித்த பதில். நான்காவது, இன்று மோதும் அணி அதே சிக்கலை முந்தைய வாரம் எப்படிச் சமாளித்தது என்பது.

இப்போது வருவது டச்டவுன்களின் தொகுப்பு, பின்னணியில் இசை, "இந்தப் பையன் வேற லெவல்" என்ற வகைப் பேச்சு. படம் நிற்கவே இல்லை, எல்லாத் துண்டும் வெற்றியில் முடிகிறது, எதிரணி வீரர் ஒருவர் பெயரும் வரவில்லை என்றால் அது அலசல் ஆகாது, விளம்பரத் துண்டு.

ஆளுக்குப் பஞ்சமில்லை, அதுதான் எரிச்சல். 2024-இல் சேர்ந்த நிக் சேபன் ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர். தற்காப்பை அவரளவுக்கு விளக்கக்கூடியவர் டிவியில் இல்லை. ஆனால் மேசையில் ஐந்தாறு பேர் இருக்கும்போது ஆறு நிமிடப் பகுதியில் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான். மேசையின் இன்னொரு முக்கிய ஆளான கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட்டின் வாரத்தையும் பாருங்கள்: 2022 முதல் வியாழன் இரவு அமேசானில் என்எஃப்எல் வர்ணனை, சனி காலை கேம்டே, அன்று இரவே ஏபிசியில் இன்னொரு வர்ணனை. துண்டுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஓர் ஆய்வாளரும் ஓர் எடிட்டரும் பல மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும். அந்த மணி நேரம் எங்கிருந்து வரும்?

ஒலிப்பலகை:

கூட்டச் சத்தத்தில் பேச்சே விளங்கவில்லை என்று பலர் சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. திறந்தவெளி மேடையில் பின்னால் நிற்கும் மாணவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கி வைப்பார்கள். அந்த ஒலி நொடியின் ஒரு பகுதி தாமதமாகப் பேச்சாளர்களின் மைக்குக்குள்ளேயே திரும்பி வரும். கூட்டத்துக்கெனத் தனி மைக்குகளும் உண்டு. பேச்சின்போது அவற்றை இறக்கி, வாக்கியம் முடிந்ததும் ஏற்றுவது மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் வேலை. 2022-இல் முன்னாள் என்எஃப்எல் வீரர் பேட் மெக்காஃபி மேசைக்கு வந்தபின் கூட்டத்தைப் பார்த்து எழுந்து நின்று முழங்குவது நிகழ்ச்சியின் பாணியாகிவிட்டது. முழக்கத்துக்கும் சாதாரணப் பேச்சுக்கும் நடுவே ஒலியளவு தாவிக்கொண்டே இருந்தால் எந்த மிக்ஸரும் திணறத்தான் செய்வார். கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கதை கேட்பது போலத்தான்.

வீட்டில் செய்யக்கூடியது: 5.1 ஒலியில் குரல் நடுச் சேனலிலும் கூட்டம் பெரும்பாலும் சுற்றுச் சேனல்களிலும் வரும். வெறும் டிவி ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. சவுண்ட்பார் இருந்தால் நடுச் சேனலை 3 டெசிபல் ஏற்றுங்கள், அல்லது குரலைத் தெளிவாக்கும் மோடைப் போடுங்கள். சவுண்ட்பார் இல்லையென்றால் டிவியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். சப்டைட்டிலை நம்ப வேண்டாம், நேரலையில் சில நொடி பின்தங்கியே வரும், வீரர்களின் பெயர்களையும் கடித்துத் துப்பும்.

பசிபிக் நேரம்:

முன்பு ஊர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு இருந்தது. 2007-இல் உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்காக, ஆம்ஹர்ஸ்ட்டும் வில்லியம்ஸும் மோதுவதைக் காட்ட, வில்லியம்ஸ்டவுனுக்குப் போனார்கள். 2013, 2014 இரண்டு வருடமும் நார்த் டக்கோட்டாவின் ஃபார்கோ. வாஷிங்டன் ஸ்டேட்டின் கொடி 2003 முதல் எந்த ஊரில் நிகழ்ச்சி நடந்தாலும் கூட்டத்தில் பறந்துகொண்டிருக்க, 2018 அக்டோபர் 20-இல்தான் அந்த அணியின் சொந்த ஊரான புல்மனுக்கு வந்தார்கள். அந்த ஊருக்கு அது காலை ஆறு மணி.

இப்போது பிரபலம் எங்கேயோ கேமரா அங்கே. 2023 செப்டம்பர் 16 அன்று கொலராடோ அணியின் பிரபலப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸுக்காகக் கேம்டேயும் பிக் நூனும் ஒரே நாளில் அந்த அணியின் ஊரான போல்டரில் முகாமிட்டன. கொலராடோ, கொலராடோ ஸ்டேட்டுடன் ஆடிய அந்த ஆட்டம் கிழக்கு நேரப்படி இரவு 10 மணிக்குத்தான் தொடங்கியது, நிகழ்ச்சிகள் முடிந்து பத்து மணி நேரம் கழித்து! அன்று மதியம் 12 மணிக்கு ஆட இருந்த அணிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு சேனலிலும் வழி குறுகிவிட்டது. அந்தப் பருவத்தைக் கொலராடோ 4 வெற்றி 8 தோல்வியில் முடித்தது. தன் சேனலில் வரும் ஆட்டத்துக்குத்தான் கேம்டே போகிறது, எல்லாம் ஒளிபரப்பு உரிமைக் கணக்கு.

கொலம்பஸ்காரன்:

கடைசி வரி சரியில்லைங்க. 2023 முதல், ஓஹியோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பின் ஆட்டங்கள் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி கையில், ஈஎஸ்பிஎன்னிடம் இல்லை. ஆனாலும் 2024 அக்டோபரில் ஓஹியோ ஸ்டேட் ஆட்டத்துக்கு ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் போனார்கள், ஆட்டம் என்பிசியில். நவம்பரில் பென் ஸ்டேட், பிறகு கொலம்பஸ், இரண்டும் ஃபாக்ஸில். போட்டிச் சேனலின் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் இலவசமாக மேளம் அடித்திருக்கிறார்கள். ஊர்த் தேர்வில் குறை சொல்ல முடியாது. ஊருக்குப் போனபின் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் குறை.

ஆறரைப் புள்ளி:

காய விவரத்தை யாரும் தொடவில்லையே. ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக் ஆடுவாரா மாட்டாரா என்பதைச் சனி காலை இந்த மேசையில்தான் கேட்க வேண்டும். இப்போது கான்ஃபரன்ஸ் எனப்படும் அணிக் கூட்டமைப்புகளே வெளியிடுகின்றன. பிக் டென் 2023 முதல், ஆட்டம் தொடங்கும் கிக்காஃபுக்கு இரண்டு மணி நேரம் முன்பு. இன்னொரு கூட்டமைப்பான எஸ்இசி 2024 முதல், கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்குப் புதன்கிழமையே தொடங்கித் தினமும் புதுப்பித்து, கடைசிப் பட்டியலை கிக்காஃபுக்கு 90 நிமிடம் முன்பு தருகிறது.

கணக்குப் போடுங்கள். 12 மணி எஸ்இசி ஆட்டத்தின் இறுதிப் பட்டியல் 10:30-க்கு வரும், நிகழ்ச்சியின் நடுவில். 3:30 ஆட்டத்துக்கு 2 மணி, 7:30 ஆட்டத்துக்கு மாலை 6 மணி. மாலை ஆட்டத்தைப் பற்றிக் காலை 9:15-க்கு மேசையில் சொல்லும் செய்தி பெரும்பாலும் முந்தைய இரவுப் பட்டியலிலேயே இருக்கிறது. 'சந்தேகம்' என்று போட்டிருப்பவருடைய காயத்தின் தன்மை என்ன, அவருக்குப் பதில் இறங்குபவர் எந்த வகை ஆட்டக்காரர், அதனால் எந்த உத்திகள் கழன்றுபோகும் என்று விளக்கினால் மேசைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதைச் செய்வதில்லை.

விட்ட இடத்தைப் பந்தயப் பேச்சு நிரப்பிவிட்டது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது, 2023 நவம்பரில் ஈஎஸ்பிஎன் தன் பெயரிலேயே பந்தயச் செயலியைக் கொண்டுவந்தது. இருபது ஆட்டங்களை ஓட்டமாகக் கணிக்கும்போது, "ஜெயிப்பாங்க, ஆனா ஆறரைப் புள்ளி வித்தியாசத்துல இல்ல" என்பதோடு காரணம் நின்றுவிடுகிறது. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் விளையாட்டுப் பந்தயம் இன்னும் சட்டப்படி வரவில்லை. மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய இரண்டு மாநிலங்களில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அரை மணி நேரம் எதற்கு?

பழைய ரீல்:

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் சேனல்காரர்கள் ஏன் மாற்ற வேண்டும்? 2025 ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் கோர்சோவின் கடைசி நிகழ்ச்சியைச் சராசரியாக 35 லட்சம் பேர் பார்த்தார்கள், கேம்டே வரலாற்றிலேயே அதிகம். 2024-இல் பெர்க்லியில் நிகழ்ச்சியின் உதைப் போட்டியில் ஒரு மாணவர் பந்தை உதைத்து 100000 டாலர் வென்ற துண்டு இணையமெங்கும் சுற்றியது. லைன்பேக்கர் வைத்த ஓரடி அப்படிச் சுற்றாது.

எனக்குக் குறையாகத் தெரிவது செய்திக் கதைகள். 2018-இல் புற்றுநோயோடு போராடிய பர்டூ மாணவர் டைலர் ட்ரென்ட்டைப் பற்றி நிருபர் டாம் ரினால்டி கேம்டேவுக்குச் செய்த பகுதி காலையில் வந்தது. அன்று இரவே பர்டூ ஓஹியோ ஸ்டேட்டை 49-20 என்று சாய்த்தது. அப்படிப்பட்ட பகுதிக்கு நிருபர் நாள்கணக்கில் ஒரே குடும்பத்தோடு இருக்க வேண்டும், பல மணி நேரப் படப்பிடிப்பைச் சில நிமிடமாகச் சுருக்க வேண்டும். ரினால்டி ஃபாக்ஸுக்குப் போய்விட்டார். 2023 ஆட்குறைப்பில் இன்னொரு நிருபர் ஜீன் வோஜிஹோவ்ஸ்கியும் போனார். மேசையில் பேச ஆள் சேர்ப்பதைவிட வெளியே போய் எடுத்துவர ஆள் வைப்பது செலவு பிடித்த வேலை. எது முதலில் வெட்டப்படும் என்று சொல்லவா வேண்டும்?

மூன்றாவது டவுன்:

இத்தனைக்கும் பிறகு எப்படிப் பார்ப்பது என்று தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு:

மூன்று மணி நேரத்தையும் பதிவில் போட்டுவிட்டு 10:45-க்கு உட்காருங்கள். மணித் தொடக்கத்தின் முதல் பத்து நிமிடத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மற்ற இரண்டையும் தாண்டலாம். சேபன் திரைப் பக்கம் திரும்பினால் நிறுத்திப் பாருங்கள். உதைப் போட்டி பிடித்தால் பாருங்கள், பிடிக்காவிட்டால் 30 நொடி பொத்தானைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணிப்புப் பகுதி 12 மணிக்கு முன்னால் கடைசியில் வரும். அதற்குள் நேரலையைப் பிடித்துவிடலாம்.

ஆட்டத்தைப் பற்றிய விவரத்துக்கு நிகழ்ச்சியை நம்பாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் தளத்திலும் வாரத் தொடக்கத்தில் 'கேம் நோட்ஸ்' என்ற பிடிஎஃப் வரும், இலவசம். பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள், மாற்று ஆள் போட்ட பட்டியலையும், மூன்றாவது டவுன் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வெற்றி விகிதத்தையும், பந்தைப் பறித்த, பறிகொடுத்த கணக்கையும் பாருங்கள். இரண்டு அணிகளுக்கும் இதைச் செய்ய இருபது நிமிடம் ஆகும். இரண்டு பெயர்களுக்கு நடுவே 'அல்லது' என்று போட்டிருந்தால் பயிற்சியாளர் மறைக்கிறார் என்று பொருள், அந்த இடத்தைக் காயப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில பயிற்சியாளர்கள் பட்டியலையே வெளியிடுவதில்லை. அப்போது முந்தைய வார ஆட்டத்தின் பங்கேற்புப் பட்டியலில் யார் தொடக்கத்திலேயே இறங்கினார் என்று பார்க்கலாம்.

கிக்காஃப் நேரக் காற்றின் வேகத்தைத் தேசிய வானிலைத் துறையின் மணிவாரிப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 மைலைத் தாண்டினால் நீள எறிதலும் நீள உதையும் சிரமம். கடைசியாக, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வானொலி முன்னோட்டம். பாரபட்சம் வழியும், உண்மைதான். ஆனால் மூன்றாவது தேர்வாக வைத்திருக்கும் தடுப்பாளரின் கணுக்கால் எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.