மறு: 'எம்பாடிட் கார்பன்': 'பொருள்வழிக் கார்பன்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கட்டடப் பொருளைச் செய்வது முதல் இடித்து அகற்றுவது வரை ஆகும் கரியமில வாயு உமிழ்வைக் குறிக்கும் 'எம்பாடிட் கார்பன்' என்பதற்குத் தமிழ் என்ன என்று, கட்டுமான நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கும் நண்பர் கேட்ட கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உள்ளுறை கார்பன், உட்பொதி கார்பன், ஆக்கக் கார்பன். மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> சொல்லுக்குச் சொல் பொருந்துவது 'உள்ளுறை'தான். அழகாகவும் இருக்கிறது.

அழகில் குறையில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பள்ளி இயற்பியலில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்த மாணவர், பொருளுக்குள் மறைந்திருந்து நிலை மாறும்போது வெளிப்படும் ஒன்றைத்தான் 'உள்ளுறை' என்று புரிந்துகொள்வார். இங்கே நடப்பது நேர் எதிர். சிமெண்டு மூட்டை கடைக்கு வரும்போதே அதன் கரியமில வாயு காற்றில் கலந்து முடிந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிளிங்கராக (அரைத்தால் சிமெண்டாகும் கட்டியாக) ஆக்கும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லே சிதைவதாலும் வாயு வெளியேறுகிறது. மொத்தத்தில் பாதிக்கும் மேல் அந்தக் கல்லிலிருந்து வருவதுதான். சூளையைச் சூரிய ஒளியிலேயே எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. ஆக, மூட்டைக்குள் உறைவது எதுவுமில்லை. அந்த மூட்டையின் பெயரில் எழுதப்பட்ட கணக்கு மட்டுமே இருக்கிறது.

'உட்பொதி'க்கும் இதே தடைதான். மரத்தைப் பற்றிப் பேசும்போது குழப்பம் இரட்டிப்பாகும். தேக்குச் சட்டத்துக்குள் கார்பன் உண்மையாகவே இருக்கிறது. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்தது. அது நல்ல கணக்கு. நாம் பெயர் தேடுவது கெட்ட கணக்குக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் அறிக்கையின் அட்டவணையில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும். மரத்தில் இருப்பதற்குத் 'தேங்கு கார்பன்' என்று தனிப்பெயர் வைத்துவிடலாம்.

> 'ஆக்கக் கார்பன்' எளிமையானது. ஆக்குவதற்கு ஆன செலவு.

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான். 'ஆக்கபூர்வம்', 'ஆக்கமும் ஊக்கமும்' என்று பழகிய காதுக்கு இது ஏதோ நன்மை செய்யும் கார்பன் போல ஒலிக்கும் என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அது சிறிய தடை. பெரிய தடை வரையறையில் இருக்கிறது. கட்டடக் கணக்கிற்கான ஐரோப்பியத் தரநிலை (ஈஎன் 15978) கட்டடத்தின் வாழ்நாளைப் பல கட்டங்களாகப் பிரிக்கிறது. பொருள் தயாரிப்பு, லாரிப் போக்குவரத்து, தளத்து வேலை ஆகியவை முதலில் வருகின்றன. இருபது ஆண்டு கழித்து மாற்றும் ஜன்னல், மறுபூச்சு, கடைசியில் இடிப்பு, இடிபாட்டை அள்ளுவது எல்லாமும் இந்தக் கார்பன் தலைப்பில்தான் வருகின்றன. 'ஆக்கம்' என்றால் கணக்கில் ஒரு பங்கு வெளியே நின்றுவிடும். இடிபாடுகளுக்கு 2016இல் தனி விதிகளே வந்துவிட்ட நாட்டில் அதை விட்டுவிட முடியாது.

எனவே என் பரிந்துரை: பொருள்வழிக் கார்பன். இதன் மறுபாதிக்கு ('ஆபரேஷனல் கார்பன்'): புழக்கவழிக் கார்பன். செங்கல், சிமெண்டு, கம்பி, கண்ணாடி ஆகியவற்றைச் செய்து, சுமந்து, பழுது பார்த்து, உடைத்து எறிவது வரை ஆகும் உமிழ்வு முன்னது. குடியேறிய பின் விளக்கு, மின்விசிறி, ஏசி, லிஃப்ட், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் உமிழ்வு பின்னது. தளத்தில் ஓடும் கிரேனின் டீசல் 'பொருள்' ஆகுமா என்று யாரேனும் கேட்கலாம். கறாராகப் பார்த்தால் ஆகாது. ஆயினும் கிரேன் தூக்குவது பொருளைத்தானே! கலைச்சொல்லுக்கு அவ்வளவு நெகிழ்வு போதும்.

பொருள்வழிக் கார்பனிலேயே குடியேறுவதற்கு முன் முடிந்துவிடும் பங்கைத் தனியே சொல்ல வேண்டியிருந்தால் 'குடிபுகுமுன் கார்பன்'. இந்தச் சொல்லை நான் விளையாட்டாகத்தான் எழுதிப் பார்த்தேன். எழுதியபின் விட மனமில்லை. மின்வலையில் சூரிய, காற்று மின்சாரம் கூடக்கூடப் புழக்கவழிக் கார்பன் ஆண்டுக்கு ஆண்டு குறையும். குடிபுகுமுன் கார்பனை, பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு யாராலும் குறைக்க முடியாது. அதைக் குறைக்கும் வாய்ப்பு வடிவமைப்பவரிடமும் கட்டுபவரிடமும் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் குண்டு பல்பை மாற்றச் சொல்லி அறிவுரை வழங்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சொல்லை வாக்கியங்களில் ஓட்டிப் பார்த்தேன். 'எலிப்பொறிக் கட்டில் எழுப்பிய சுவருக்குச் சுமார் கால் பங்கு செங்கல் குறைவு. பொருள்வழிக் கார்பனும் அதற்கேற்பக் குறைகிறது.' இது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவது. இன்னொன்று: 'ஆரோவில்லில் வார்க்கும் அழுத்த மண்கட்டியில் சேர்வது ஐந்து சதவீத அளவு சிமெண்டுதான், சூளையும் இல்லை, ஆகவே பொருள்வழிக் கார்பன் சுட்ட செங்கல்லைவிடக் குறைவு.' மூன்றாவது: 'கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலக்கும் சிமெண்டுக்கு 2023இல் இந்தியத் தரநிலை (ஐஎஸ் 18189) வந்திருப்பதால், பொருள்வழிக் கார்பனைக் குறைக்க ஒப்பந்ததாரருக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது.' எங்கும் நாக்கு தடுக்கவில்லை.

> நண்பரின் இரண்டாவது கேள்விக்கு ('கம்யூனிட்டி என்கேஜ்மென்ட்' என்பதற்குத் தமிழ் என்ன?) 'சமூக ஈடுபாடு' என்று போட்டால் போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். 'ஈடுபாடு' என்றால் ஈடுபடுவது நிறுவனம். ஊர் சும்மா நிற்கிறது. பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், குளத்துக்குத் தூர்வாரல் போன்றவற்றுக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது அது. அதற்குச் 'சமூகப் பொறுப்புச் செலவு' என்ற சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது எதுவும் அந்தச் செலவில் சேராது. உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை தருவது, பக்கத்துச் சாம்பல்கல் (நிலக்கரிச் சாம்பலில் செய்யும் கல்) பட்டறையில் கல் எடுப்பது, தெரு மக்களைக் கூப்பிட்டு லாரி எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்பது எல்லாம் தொழிலுக்குள்ளேயே நடப்பவை. இவற்றுக்கு 'ஊர்ப் பங்கேற்பு' என்று தனியே வையுங்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021இல் நிறுவனங்களுக்கு வெளியிட்ட அறிக்கைப் படிவத்தின் முதல் வடிவம், மூலப்பொருளில் எத்தனை சதவீதம் அதே மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் வாங்கப்பட்டது என்று கேட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பும் சொல் 'ஈடுபாடு' அல்ல.

ஓர் எச்சரிக்கை. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டுங்கள் என்று காந்தி சொன்னதாக பேக்கர் நினைவுகூர்வார். அருமையான வழிகாட்டி. அதற்காக உள்ளூர்ப் பொருள் எல்லாம் குறைந்த கார்பன் பொருள் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். ஊர்ச் சூளையில் நிலக்கரி போட்டுச் சுட்ட செங்கல்லின் உமிழ்வில் பெரும்பங்கு சூளையினுடையது. லாரி ஓடிய தூரம் சிறுபங்கு. ஊர்ப் பங்கேற்பு ஒரு நிரல், பொருள்வழிக் கார்பன் இன்னொரு நிரல். ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கி மற்றொன்றில் கோட்டை விடும் செங்கல் தாராளமாக உண்டு.

'சஸ்டெயினபிள்' பற்றித் தனி இழை ஓடுவதால் இங்கே வளர்க்கவில்லை. 'நீடித்த கட்டுமானம்' என்று மட்டும் வேண்டாம். வீடு வாங்குபவர் அதை விரிசல் விழாத கட்டடம் என்று படிப்பார். 'வளங்குன்றாக் கட்டுமானம்' என் தேர்வு.

சொற்கோவையில் சேர்க்க வரைவு: பொருள்வழிக் கார்பன் – கட்டடப் பொருள்களின் தயாரிப்பு, போக்குவரத்து, கட்டுமானம், பழுதுநீக்கம், இடிப்பு, அகற்றல் ஆகியவற்றால் உண்டாகும் பசுங்குடில் வாயு உமிழ்வின் மொத்தம், அலகு, கரியமில வாயுவுக்கு நிகரான கிலோகிராம்.

அலகை ஒரு சதுர மீட்டருக்கு என்று கட்டிப்போடுவதா, விட்டுவிடுவதா? கட்டடப் பொறியாளர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.