ஃபேஸ் மாஸ்க்குக்கு முல்தானி மெட்டியில் நெல்லிமுள்ளிச் சாறு ஊத்தினா கறுத்துப் போகுதே, ஏன்?

தொண்டிக்காரி:
முல்தானி மெட்டி 100 கிராம், நெல்லிமுள்ளியும் ஆவாரம்பூவும் கொதிக்க வச்சு வடிகட்டின சாறு 120 மில்லி, எலுமிச்சைச் சாறு ரெண்டு ஸ்பூன். கிணத்துத் தண்ணி, லேசா உப்புக் கரிக்கும். குழைக்கும்போதே நுரை பொங்குது. அரை மணியில மை மாதிரி கறுப்பு. அஞ்சாம் நாள் டப்பா மூடி உப்பி நாத்தம். கறுத்ததாலதான் கெட்டுச்சா? பென்டோனைட் (தண்ணியில ஊதிப் பெருக்கிற ஒரு களிமண்) போட்டுப் பார்த்தா திரிதிரியா அடியில தங்குது.

களிமண் கணக்கு:
கறுப்பு வேற, கெட்டது வேற அக்கா. நெல்லிமுள்ளி, கடுக்காய், கிரீன் டீ, மாதுளந்தோல் எல்லாத்துலயும் டானின்ங்கிற துவர்ப்புச் சத்து உண்டு. முல்தானி மெட்டியில இரும்பு உண்டு. ரெண்டும் சேர்ந்தா பழைய காலத்து எழுதுற மையேதான். சோதிக்க ஒரு வெள்ளைச் சாசர் போதும்: ஒரு சிட்டிகை மண்ணு, ஒரு சொட்டுச் சாறு. ஓரம் நீலக்கறுப்பா படர்ந்தா அந்த ஜோடியை விட்டுடுங்க. இரும்புச் சட்டியில காய்ச்சினாலும் இதே கதை.

நுரை எலுமிச்சையால. மண்ணுல சுண்ணாம்பு கலந்திருந்தா புளிப்பு பட்டதும் வாயு வரும். அஞ்சாம் நாள் உப்பினது கிருமி வேலை; பிரிசர்வேட்டிவ் (கெடாம வைக்கிற பொருள்) இல்லாத ஈர மாஸ்க் அவ்வளவுதான்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. முல்தானியும் பென்டோனைட்டும் சாறுல உள்ள சத்தைத் தானே உறிஞ்சி வச்சுக்கும். கயோலின்ங்கிற வெள்ளைக் களிமண் அந்த விஷயத்துல சோம்பேறி, இரும்பும் குறைவு. ஆன்டிஆக்ஸிடன்ட் முக்கியம்னா கயோலினுக்கே மாறுங்க.

பாசிக்கரை:
பென்டோனைட் திரிஞ்சது தண்ணியால. நம்ம கடலோரக் கிணறுகள்ல சோடியமும் கால்சியமும் அதிகம். உப்பு இருந்தா அது ஊதாது, கொத்துக் கொத்தா சேர்ந்து படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, இல்லைன்னா ஆர்.ஓ. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்துங்க.

100 கிராமுக்கு இப்படிப் போடலாம், எல்லாம் கிராம்ல: ஆவாரம்பூச் சாறு 57.5, கிளிசரின் 6, சாந்தன் கம் (கெட்டியாக்குற பொடி) 0.4, டைசோடியம் ஈடிடிஏ (தண்ணியில உள்ள உலோகத்தைக் கட்டிப் போடுறது) 0.1, கயோலின் 30, பென்டோனைட் 5, பீனாக்ஸிஎத்தனால்–எத்தில்ஹெக்ஸில்கிளிசரின் கலவை (இதுதான் பிரிசர்வேட்டிவ்) 1.

காய்ஞ்ச பூ 5 கிராம், 80 டிகிரி தண்ணி 100 மில்லி, மூடி வச்சு 15 நிமிஷம். துணியில வடிச்சு, பிறகு காபி ஃபில்டர் பேப்பர்ல இன்னொரு தடவை. ஆறினதும் ஈடிடிஏ கரைச்சு, பென்டோனைட்டைத் தூவி ஒரு மணி நேரம் ஊற விடுங்க. சாந்தனை நேரா தண்ணியில கொட்டினா மீன்முட்டை மாதிரி உருண்டை உருண்டையா நிக்கும், ஆறு மாசம் கிண்டினாலும் கரையாது. கிளிசரின்ல குழைச்சு ஊத்துங்க. கடைசியா கயோலின், அப்புறம் பிரிசர்வேட்டிவ். அன்னைக்கு வடிச்ச சாறு அன்னைக்கே.

பிரிசர்வேட்டிவா சோடியம் பென்சோயேட் வேண்டாம். பிஎச் (புளிப்பு-கார அளவு) 5-க்குக் கீழ இருந்தாதான் அது வேலை செய்யும், பென்டோனைட் கலவை 9 வரை போகும். பிஎச் பேப்பர்ல பாருங்க. 6 பக்கம் நின்னா நல்லது, கூடுதலா இருந்தா சிட்ரிக் ஆசிட் கரைசலைச் சொட்டுச் சொட்டா. செம்பருத்தி போட ஆசைப்படாதீங்க, காரம் பட்டா சிவப்பு போய் அழுக்குப் பச்சையாகும்.

களிமண் கணக்கு:
மேல சொன்னது சரி. ஆனா விக்கிறதுக்கா, வீட்டுக்கா? வீட்டுக்குன்னா தூளாவே வச்சுக்கோங்க: கயோலின் 85, நல்லா சலிச்ச ஆவாரம்பூப் பொடி 15. வேணுங்கிறப்ப ரெண்டு ஸ்பூன் எடுத்துப் பன்னீர்ல குழைக்க வேண்டியதுதான். நம்ம பக்கம் பகல்ல காய்ஞ்ச பூ ராத்திரி உப்புக்காத்துல திரும்ப ஈரம் வாங்கிடும். இதழை ஒடிச்சா 'டக்'னு சத்தம் வரணும், வளைஞ்சா அரைக்காதீங்க. டப்பாவுக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டுடுங்க.

மண்ணுலயே வித்துக் கிருமி (லேசான சூட்டுக்குச் சாகாதது) இருக்கும். மெல்லிசா பரப்பி ஓவன்ல 160 டிகிரி, 2 மணி நேரம். குவிச்சு வச்சா உள்ள சூடு ஏறாது. பூப்பொடியை இதுல வைக்காதீங்க, கருகிடும்.

விக்கிறதா இருந்தா 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி தயாரிப்பு லைசென்ஸ் வேணும்.

தொண்டிக்காரி:
அப்போ நெல்லிமுள்ளியைப் பயன்படுத்தவே முடியாதா?

பாசிக்கரை:
ஒதுக்கணும்னு இல்ல அக்கா. அதைத் தனியா வடிச்சு, மாஸ்க் கழுவின பிறகு பஞ்சுல தொட்டுத் தடவுங்க. ஃபிரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். முதல்ல முழங்கை உள்பக்கம் ஒரு நாள் போட்டுப் பாத்துக்கோங்க.