பூட்டா, பிணையா, கட்டுண்ணலா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நிறுவனத்துக்கே உரிமையான (தனியுரிம) மென்பொருளை வாங்கியவர் பின்னர் அதிலிருந்து விலக இயலாமற்போகும் நிலையை ஆங்கிலத்தில் 'வென்டர் லொக்-இன்' என்கிறார்கள். இதற்கு இங்கு முன்மொழியப்பட்ட 'விற்பனையாளர் பூட்டு' எனக்கு உடன்பாடன்று. பூட்டு என்றால் கதவு சாத்தியிருக்க வேண்டும். இங்கோ கதவு திறந்தே கிடக்கிறது, போகிறவர் தம் உடைமையை உள்ளே விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர்களின் சேமிப்பையும் கடனையும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே தனியுரிம மென்பொருளில் பதிந்து வந்தோம். ஆண்டுக் கட்டணம் இரட்டித்தபோது வேறொன்றுக்கு மாற எண்ணினோம். கோப்புகள் எங்கள் கணினியிலேயே இருந்தும், அவற்றின் வடிவம் வெளியிடப்படாததால் வேறெந்தச் செயலியாலும் அவற்றை வாசிக்க இயலவில்லை. அச்சிட்ட அறிக்கைகளைப் பார்த்து மறுபடி தட்டச்சுச் செய்ய ஆகும் கூலியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, கேட்ட கட்டணத்தையே கட்டினோம்.

தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத்தாருக்கு இது பழகிய கதை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய துண்டின்றி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது அரிது. அந்தத் தொகையைப் புதிய தோட்டம் தீர்த்தால்தான் பழைய தோட்டம் அவரை விடுவிக்கும். அவரைத் தடுத்தது வேலியன்று, கடன். 'துண்டு' என்றே பெயரிடலாமா என்றுகூட நினைத்தேன். சென்னை வாசகர் தோளில் போடுவதைத்தான் நினைப்பார் என்பதால் விட்டுவிட்டேன்.

'பிணை'யும் பொருந்தாது. இலங்கைப் பத்திரிகைகளில் பிணை என்பது சிறையிலிருப்பவரை வெளியே விடுவது. நாம் சொல்ல வருவதற்கு நேர்மாறு.

எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளுக்கு 'கட்டற்ற மென்பொருள்' ஏற்கனவே நிலைத்துவிட்ட சொல். அந்தக் 'கட்டு' எது என்று இதுவரை நாம் சொல்லவில்லை. ஆகவே 'கட்டுண்ணல்' என்று முன்மொழிகிறேன். முதலில் 'கட்டுண்மை' என்றுதான் எழுதினேன். 'கட்டு உண்மை' என்று பிரித்துப் படிப்பார்கள் என வீட்டில் சுட்டிக்காட்டியதும் மாற்றினேன். கட்டுண்ட தரவு, கட்டுண்ட பயனர் என்று அடைமொழியாகவும் இது எளிதில் விரியும்.

சங்கத்தின் அடுத்த ஒப்பந்தத்தில் இடம்பெறவிருக்கும் வரியில் இதைச் சோதித்துப் பார்த்தேன் (அதில் வரும் ஐஎஸ்ஓ பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு, ஓடிஎஃப் எந்தச் செயலியும் வாசிக்கும்படி விவரம் வெளியிடப்பட்ட ஆவணக் கோப்பு வடிவம்): "கட்டுண்ணல் நேராதிருக்கும்பொருட்டு, சங்கத்தின் தரவு அனைத்தையும், 2006இல் ஐஎஸ்ஓ தரமான ஓடிஎஃப் போன்றதொரு திறந்த வடிவில், சங்கம் கேட்கும்போதெல்லாம் மேலதிகக் கட்டணமின்றி வழங்குநர் கையளிக்க வேண்டும்." இவ்வரியில் இடறும் சொல் எதுவெனக் கூறுங்கள்.