அம்மாவின் சர்க்கரை மாத்திரை: யார் சொல்வதைக் கேட்பது?

வணக்கம் அக்கா, அண்ணாமாரே. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. அரசு கிளினிக்கில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் தருகிறார்கள். போன மாதம் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சே குழறிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். இன்னும் எனக்குப் பயம் போகவில்லை.

பிரைவேட் டாக்டர் கிளிமெபிரைடை நிறுத்தி, விலை கூடிய வேறு மாத்திரை எழுதினார். வயதானவர்களுக்கு, அதிலும் கிட்னி பலவீனமாக இருந்தால், கிளிமெபிரைடு சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடலாமாம். கிளினிக் சிஸ்டரோ தேசிய சிகிச்சை வழிகாட்டியையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலையும் காட்டி, புது மாத்திரை அதில் இல்லை என்கிறார். 1996 முதல் இருக்கிற நல்ல ஏற்பாடுதான், ஏழை எளியவருக்கும் ஒரே தரத்தில் மருந்து கிடைக்கிறது. ஆனால் அம்மா மாதிரி ஒருவருக்கு அதற்குள்ளேயே வழி இருக்க வேண்டுமே?

அரசு கிளினிக்கில் வேலை செய்யும் நர்ஸ், மருந்தாளர் யாராவது சொல்லுங்கள்: மருந்தை மாற்ற ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கடிதம் கேட்கலாமா? கிட்னி ரத்தப் பரிசோதனையை கிளினிக்கிலேயே எடுப்பார்களா? அடுத்த வியாழன் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.