ஹிஜ்ரி 1, முஹர்ரம் 1: அது எந்த நாள்?

ரிஸ்வான்: அஸ்ஸலாமு அலைக்கும். மதரஸா பலகையில காலவரிசை எழுதப் போறோம். "622 ஜூலை 16, நபி (ஸல்) மதீனா வந்த நாள்"னு போடலாமா சாச்சா?

கமால் சாச்சா: வ அலைக்குமுஸ்ஸலாம். போடாதப்பா. ஜூலை 16 முஹர்ரம் 1. நபி (ஸல்) மதீனா பக்கத்துல குபா வந்து சேர்ந்தது ரபீஉல் அவ்வல் மாசம், செப்டம்பர் 622. நடுவுல ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு.

ரிஸ்வான்: அப்போ வருஷம் ஏன் முஹர்ரம்ல தொடங்குது?

பாத்திமா லாத்தா: வருஷக் கணக்கே பின்னாடிதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 'யானை ஆண்டு'ன்னு சம்பவத்தை வச்சு சொல்லுவாங்க. கலீஃபா உமர் (ரலி) ஆட்சியில, ஹிஜ்ரி 17 வாக்குல, "உங்க கடிதங்கள்ல தேதி இல்லையே"ன்னு பஸ்ராவுலேர்ந்து அங்க ஆளுநரா இருந்த அபூ மூஸா (ரலி) எழுதினதா அறிவிப்பு இருக்கு. ஒரு கடன் பத்திரத்துல 'ஷஅபான்'னு மட்டும் இருந்துச்சாம். போனதா, வரப்போறதா? எதுலேர்ந்து வருஷத்தை எண்ணுறதுன்னு, நபி (ஸல்) பிறப்பு, நபித்துவம், வஃபாத் (மரணம்) எல்லாம் பேசிட்டு, மக்காவுலேர்ந்து மதீனா போன ஹிஜ்ரத்தை எடுத்தாங்க. மாச வரிசையில கை வைக்கல. ஹஜ் முடிஞ்சு ஜனங்க ஊர் திரும்புற முஹர்ரமே முதல் மாசம்.

பாத்திமா லாத்தா: எகிப்துல கிடைச்ச ஒரு பாப்பிரஸ் ரசீது இப்போ வியன்னாவுல இருக்கு. 65 ஆடு வாங்கினதுக்கு, ஹிஜ்ரி 22 ஜுமாதல் ஊலா மாசத் தேதி. இதையும் பலகையில சேரு, புள்ளைங்களுக்குப் பிடிக்கும்.

ரிஸ்வான்: மத்த வருஷங்களுக்கு 622 கூட்டினா போதுமா?

கமால் சாச்சா: போதாது. சந்திர வருஷம் 354 நாள், சூரிய வருஷத்தைவிட 11 நாள் குறையும். ஹிஜ்ரியை 33ஆல வகு, வந்ததை ஹிஜ்ரியிலேர்ந்து கழி, அப்புறம் 622 கூட்டு. ஜெருசலேம்ல இருக்குற குப்பத்துஸ் ஸக்ரா (பாறைக் குவிமாடம்) கல்வெட்டுல ஹிஜ்ரி 72. 72 ÷ 33 = 2.18. கழிச்சா 69.82. கூட்டினா 691.82. அதனால 691-692னு எழுது. நேரா கூட்டினா 694 ஆயிடும்.

பாத்திமா லாத்தா: அந்தக் கல்வெட்டுல கலீஃபா மஃமூன் பேரு இருக்கும். பார்த்து ஏமாந்துடாதே. கட்டினது அவருக்கு முந்தைய கலீஃபா அப்துல் மலிக். பேரை மட்டும் மாத்தினாங்க, 72 அப்படியே நின்னுடுச்சு. மஃமூன் கலீஃபா ஆனதே ஹிஜ்ரி 198ல!

ரிஸ்வான்: ஆப்ல முஹர்ரம் 1க்கு ஜூலை 19னு காட்டுதே?

கமால் சாச்சா: அது இப்போ நாம பயன்படுத்துற கிரிகோரியன் நாட்காட்டியை பின்னோக்கி ஓட்டுது. வரலாற்று நூல்கள்ல 1582 வரைக்கும் அதுக்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டி. 7ஆம் நூற்றாண்டுல 3 நாள் வித்தியாசம். பலகை முழுக்க ஜூலியனே வை. ஹிஜ்ரி நாள் மஃரிபுல (சூரியன் மறையும்போது) தொடங்குறதால இன்னும் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

ரிஸ்வான்: பத்ர் போர், ரமளான் 17, ஹிஜ்ரி 2. 624 மார்ச் 13 சரியா?

பாத்திமா லாத்தா: கணக்குப்படி சரி. ஆனா மாசத்தைத் தள்ளிப்போடுற 'நஸீஉ' வழக்கம் அரபிகள்ட்ட இருந்துச்சு. குர்ஆன் தவ்பா அத்தியாயம் 37ஆம் வசனத்துல அதைக் கண்டிச்சு, ஹிஜ்ரி 10ல நபி (ஸல்) செஞ்ச கடைசி ஹஜ்ஜான ஹஜ்ஜத்துல் விதாவுலதான் முடிவாச்சு. அதனால முதல் பத்து வருஷத்துக்கு ஆங்கிலத் தேதி ஒரு மாசம்கூட நகரலாம். ஹிஜ்ரித் தேதியைப் பெருசா எழுது, பக்கத்துல "624 வாக்கில்"னு போடு.

ரிஸ்வான்: சரி லாத்தா. ஹிஜ்ரி 11லேர்ந்து ஆங்கில மாசத்தையும் சேர்த்துப் போடுறேன்.